ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரில் ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடத்தில் கணையத்தையும் இன்சுலினையும் நடத்துகிறோம். அடுத்து வரும் இனப்பெருக்கப் பாடத்தில் தாய்சேய் இணைப்புத்திசுவை நடத்துகிறோம். இந்த இரண்டையும் இணைத்துப் பேச நமக்கு நேரம் கிடைப்பதில்லை. இணைக்கும் இடமோ நம் பள்ளிக்குப் பக்கத்திலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. அங்கே பதிவுக்கு வரும் கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள்.

இந்த எண்களை முதலில் ஒரு கணக்காகவே வகுப்பில் கொடுத்துப் பார்க்கலாம். உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம், அதாவது 50 டெசிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை அளவு 90 மில்லிகிராம் என்றால், மொத்த இரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் நாலரை கிராம்தான், ஒரு தேக்கரண்டி. 140 என்றால் 7 கிராம். குடித்ததோ 75 கிராம். மீதி எங்கே போனது என்று மாணவர்களே கேட்பார்கள். கல்லீரலுக்கும் தசைகளுக்கும் அதை அனுப்பிவைத்த இன்சுலினின் வேலை அப்போது அவர்களுக்குப் புரியும். ஒரு தேக்கரண்டிக்கும் ஒன்றரைத் தேக்கரண்டிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நோய் இருக்கிறது என்பதும் புரியும்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து தாய்சேய் இணைப்புத்திசு சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைப்பதற்கான இயற்கையின் ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. "பலகாரமா தின்னா இப்படித்தானுங்க ஆகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் மருமகளைச் சொல்வதில் நியாயம் இல்லை.

குழந்தைக்கு என்ன நடக்கிறது?

பாடத்தின் மையம் இதுதான்: தாய்சேய் இணைப்புத்திசுவைக் குளுக்கோஸ் கடக்கும், தாயின் இன்சுலின் கடக்காது. தாயிடமிருந்து சர்க்கரை மட்டும் வந்து சேர, அதைச் சமாளிக்கும் பொறுப்பு குழந்தையின் கணையத்தின் மேல் விழுகிறது. அது இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனாகவும் வேலை செய்வதால் கொழுப்பு சேர்ந்து, குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவத்தில் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அறுவைசிகிச்சையின் தேவையும் கூடுகின்றன. 'கொழுகொழு' குழந்தை என்றால் ஆரோக்கியம் என்ற நம் ஊர் எண்ணத்தை இங்கே கொஞ்சம் கேள்வி கேட்கலாம்.

தொப்புள்கொடியை வெட்டியவுடன் தாயிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுவிடுகிறது. குழந்தையின் இன்சுலின் சுரப்பு உடனே நிற்பதில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடுவதைப் போன்ற நிலை. நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்த உவமைக்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பிறந்த குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால்தான் பிறந்தவுடன் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி, குழந்தையின் சர்க்கரையையும் பார்க்கிறார்கள்.

1964-இல் அமெரிக்காவில் ஓ'சல்லிவனும் மாஹனும் வகுத்த பழைய அளவுகோல், தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதையே பார்த்தது. குழந்தையைப் பற்றிய தெளிவு 2008-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் கிடைத்தது. 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைக் கவனித்ததில், தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் மற்றச் சிக்கல்களும் படிப்படியாகக் கூடின. இதுவரை ஒன்றுமில்லை, இதற்கு மேல் ஆபத்து என்று ஒரு கோடு போட முடியவில்லை. 140 என்பது மனிதர்கள் பேசி முடிவு செய்த எல்லை. வரைபடம் வரையப் பழகும் மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சிகிச்சையால் பலன் உண்டா என்பதற்கு 2005-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு விடை சொன்னது: சிகிச்சை பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம் கடுமையான சிக்கல்கள் 4 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்தன.

தமிழ்நாட்டின் வழி

கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு; ஆண்டு 2007. இதற்குப் பின்னால் இருந்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இன்று கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். அவருடைய குழு தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது நகரத்தில் 17.8, சிறுநகரப் பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. கிராமம்தானே, உழைக்கும் உடம்புதானே என்று யாரையும் விட்டுவிட முடியாது என்பதை அந்தக் கடைசி எண் சொல்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கம் ஊர் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கடினம்.

வெறும் வயிற்றில் வரச் சொல்லாததுதான் இந்த முறையின் சிறப்பு. வால்பாறைத் தோட்டக் குடியிருப்பிலிருந்தோ ஆனைகட்டி மலைக்கிராமத்திலிருந்தோ பேருந்து பிடித்து வரும் பெண்ணை, "சாப்பிட்டுவிட்டீர்களா, நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுநாள் வருவது சந்தேகம். சாப்பிட்டிருந்தாலும் அன்றே சோதனை முடிந்துவிடுகிறது. இதில் சிலர் தவறிப்போகலாம் என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. என் பார்வையில், வராத பெண்ணுக்குச் செய்யும் துல்லியமான சோதனையைவிட வந்த பெண்ணுக்குச் செய்யும் எளிய சோதனை மேல். 2014-இல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் இந்த முறையையே ஏற்றது: முதல் வருகையில் ஒருமுறை, இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் ஒருமுறை.

நோய் இருந்தால் முதலில் உணவும் நடையும். இங்கே கொங்குப் பகுதிக்கே உரிய ஒரு குழப்பத்தைப் பேசவேண்டும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டால் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்; உடலுக்குள் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும்தான் பிரியும். ராகிக் களியும் கம்மஞ்சோறும் நல்ல உணவுகள், ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு, அளவு முக்கியம்.

இரண்டு வாரத்தில் கட்டுப்படாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். "ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது" என்ற பயத்துக்கு மாணவர்களிடமே பதில் கேளுங்கள். இன்சுலின் தாய்சேய் இணைப்புத்திசுவைக் கடக்காது என்று சற்று முன் படித்தவர்கள் அவர்கள். வீட்டில் உள்ளவர்களின் சோதனை முடிவுகளை மட்டும் வகுப்பில் கேட்கவேண்டாம். அது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம்.

பிரசவம் ஆனதும் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். ஆனால் இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் ஆறு வாரம் கழித்து இன்னொரு சோதனை செய்யச் சொல்கிறார்கள். அந்த ஆறாவது வாரத்தில் தலைப்பிரசவக்காரர் தாய்வீட்டில், அம்மிச்சி கவனிப்பில் இருப்பார். பதிவு செய்த சுகாதார நிலையமோ மாமியார் ஊரில் இருக்கும். மகப்பேறு விடுப்பில் இருக்கும் நம் ஆசிரியைகளுக்கும் இதே நிலைதான். தாய்வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்திலேயே அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். கர்ப்பகாலப் பதிவு அட்டையைக் கையோடு எடுத்துச் சென்றால் போதும்.