தேயிலையின் விலையும் மனிதரின் விலையும்



வைரக்கல் மின்னும், ஆனால் தான் வந்த வழியைச் சொல்லாது. மேற்கு ஆபிரிக்க நாடான சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில், கிளர்ச்சிப் படையினர் வைரங்களை விற்று ஆயுதம் வாங்கினர். ஏழை எளியவரை அடித்து மண் தோண்ட வைத்தனர். பலருடைய கைகளை வெட்டினர். இக்கொடுமை வெளியே தெரிந்தபின், "இந்தக் கல் எங்கிருந்து வந்தது?" என்று உலகம் கேட்கத் தொடங்கியது. அக்கேள்வியின் பயனாகவே 2003இல் கிம்பர்லி சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது.

ஆயினும், அச்சான்றிதழ் சொல்வது ஒன்றே: கிளர்ச்சிப் படைகளின் போருக்கு இக்கல் பணம் சேர்க்கவில்லை என்பது. தோண்டியவனுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்பதை அது சொல்லாது. கேட்ட கேள்விக்குத்தான் முத்திரை பதில் தரும். கேளாத கேள்விக்குத் தராது.

இப்பாடம் நம் மலைநாட்டுக்கும் பொருந்தும். நமது தேயிலை போருக்குப் பணம் தேடிய பொருள் அன்று. ஆனால் அதற்கும் ஒரு முத்திரை உண்டு. தேயிலைப் பொதியிலுள்ள சிங்க இலச்சினை, உள்ளிருப்பது தூய இலங்கைத் தேயிலை என்றும், இங்கேயே பொதி செய்யப்பட்டது என்றும் சான்று கூறுகிறது. கொழுந்தைப் பற்றிச் சொல்லும் அது, கொழுந்து பறித்த கைகளைப் பற்றி என்ன சொல்கிறது?

அக்கைகளின் கதையை நாம் அறிந்திருக்க வேண்டும். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்பயிரை மலையெங்கும் பரப்பியது தமிழகத்திலிருந்து வந்த கூலி மக்களின் உழைப்பு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உடன்பிறந்தார் பிரிந்தனர், பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறுகரையிலுமாயினர். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

உரிமை கேட்டோர் உயிரும் கொடுத்தனர். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுப் போராட்டத்தின்போது கோவிந்தனும், 1977இல் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணனும் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர்.

நாளொன்றுக்கு 1,000 ரூபா வேண்டும் என்று 2015இல் எழுந்த கோரிக்கை, 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. அதற்குள் அரிசியும் மாவும் எத்தனை முறை விலையேறின! குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்கு அரைப்பேர் போடும் வழக்கத்தையும், வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரே காம்பிராவில் ஒரு குடும்பம் ஒடுங்குவதையும் தோட்டத்தில் வாழ்வோருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தேயிலையைக் குடியாதீர் என்று சொல்ல நாம் வரவில்லை. அது விலைபோகாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் தொழிலாளரே. வேண்டுவது புறக்கணிப்பன்று, கேள்வி.

குழுவாகச் சிந்திக்க:

1. உங்கள் தோட்டத்தில் ஒரு முழுப்பேருக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள்? அதை யார் தீர்மானிக்கிறார்கள்?
2. உங்கள் குடும்பத்தில் 1964இன் ஒப்பந்தத்தால் பிரிந்தவர் யார்? அவர் பெயரைப் பிள்ளைகள் அறிவார்களா?
3. தேயிலைப் பொதியில் தொழிலாளரைப் பற்றியும் ஒரு வரி எழுதுவதானால், அங்கே என்ன உண்மையை எழுதலாம்?