சுவிட்சை அழுத்துவது மட்டுமா?

நம்பிக்கை: “மெஷின்தானே படம் எடுக்குது, ஆளுக்கு என்ன வேலை?”

ஒரத்தநாட்டிலும் பேராவூரணியிலும் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. மார்பு எக்ஸ்ரேயைப் பாருங்கள். நெஞ்சு தட்டில் படும்படி நிற்கவைத்து, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துவதே முறை. வயலில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த பாட்டியால் நிற்க முடியாது. படுக்கவைத்து முன்பக்கமிருந்து எடுத்தால், இதயம் தட்டைவிட்டுத் தள்ளியிருப்பதால் அதன் நிழல் பெரிதாக விழும். படம் எடுக்கும் ரேடியோகிராஃபர் அதைப் படத்தில் குறிக்காவிட்டால், இல்லாத இதய வீக்கத்துக்கு வைத்தியம் தொடங்கிவிடலாம். தோளை முன்னால் தள்ளச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமலிருக்க. மூச்சைப் பாதி இழுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து, நிமோனியாபோலத் தெரியும். காது மந்தமான தாத்தாவுக்கு “மூச்ச இழுத்துப் பிடிங்க” என்பதைப் புரியவைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். படம் கெட்டால் இன்னொரு முறை கதிர் வாங்குவது நோயாளி.

நம்பிக்கை: “அந்த அறையில வேலை பார்த்தா புற்றுநோய் நிச்சயம்.”

இல்லை. ஊழியர் வாங்கும் கதிருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். ஊழியர் சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய், அவர் வாங்கிய அளவைச் சொல்லிவிடும். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் எக்ஸ்ரே கதிரே கிடையாது.

நம்பிக்கை: “எடுத்தவரே ரிப்போர்ட் சொல்லலாமே!”

நம் நாட்டில் ரிப்போர்ட் மருத்துவர் பொறுப்பு. சொல்லாத ரேடியோகிராஃபரைக் கோபிக்காதீர்கள். பிரிட்டனில் 1980களில் ரேடியோகிராஃபர்கள் சந்தேகமான படத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டத் தொடங்கினார்கள்; மேற்பயிற்சி பெற்றவர்கள் இன்று ரிப்போர்ட்டே எழுதுகிறார்கள். அவசரப் படத்தில் கண்டதை உடனே மருத்துவரிடம் சொல்லும் உரிமையாவது இங்கும் எழுத்தில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்பிக்கை: “கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனி இவங்க எதுக்கு?”

காசநோய்ப் பரிசோதனையில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் மார்புப் படத்தைக் கணினி படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது உண்மைதான். கையில் தூக்கும் எக்ஸ்ரே கருவியும் கிராமத்து முகாமுக்கு வந்துவிட்டது. ஆனால் கோணலாக எடுத்த படத்தை எந்த மென்பொருளும் நேராக்காது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கு அதே 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஆணையச் சட்டமும் ரேடியோகிராஃபர்களைத் தனித் தொழில்வல்லுநர்களாக ஏற்றிருக்கிறது: டிப்ளமோவுக்கே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, பதிவேட்டில் பெயர். ஸ்கேன் மையத்துக்குப் போகிறவர்கள், படம் எடுப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று தயங்காமல் கேட்கலாம்.