பெட்டிக்குள் ஒரு சதுரங்கம்

மும்பை நகரில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். தோல் வேலை செய்கிறவர்கள் உண்டு. இட்லி அவித்து விற்கிறவர்களும் உண்டு.

அந்த வீட்டிலும் இட்லி வியாபாரம்தான். அம்மா விடியற்காலை 3 மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார். அப்பா 6 மணிக்கு இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். பகல் 2 மணிக்கு மேல்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு. அப்போது மறுநாளுக்கான அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருக்கும்.

மகன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். அவனுடைய அத்தை மகன் ஒரு பழைய விளையாட்டுக் கருவியை அவனுக்குக் கொடுத்தான். அது உள்ளங்கையில் அடங்கும். நடுவில் சின்னத் திரை. இடப் பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான். வலப் பக்கம் இரண்டு பொத்தான்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு சதுரங்க விளையாட்டு இருந்தது. மகன் அதில் ஆடிப் பழகினான். பிறகு கடையில் ஓர் அட்டையும் காய்களும் வாங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. "வா அம்மா, உனக்குச் சொல்லித் தாரேன்" என்றான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகன் வேக வேகமாகக் காய்களின் பெயரைச் சொன்னான். ஆட்டம் தொடங்கியது. அவன் நான்காவது முறை காயை நகர்த்தினான். "செக் மேட்! முடிஞ்சு போச்சு" என்றான். மறு ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்த ஆட்டமும் அப்படியே. அப்பா சிரித்தார். மகள் சிரித்தாள். "அம்மாவுக்கு நாலு அடிதான்" என்று மகன் கைதட்டினான்.

அம்மாவும் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. முன்பு மாலை வகுப்பில் முதன்முதலாகப் பென்சில் பிடித்தபோது விரல் நடுங்கியது. வாசலில் நின்ற ஒரு பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு வாயில் வந்த அதே பேச்சு இன்றைக்கும் வந்தது.

"எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

பெட்டி சிரிக்கவில்லை

மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அப்பா படுத்துத் தூங்கினார். அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அலமாரியில் அந்தப் பெட்டி இருந்தது. அம்மா அதை எடுத்தார்.

கூட்டல் குறிப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு சின்னக் கட்டம் நகர்ந்தது. அதைக் காயின் மேல் நிறுத்தி வலப் பக்கப் பொத்தானை அழுத்தினார். காயைத் தூக்கியதாக அர்த்தம். வேறு கட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி அழுத்தினால் காய் அங்கே இறங்கும்.

அம்மா குதிரையை நேராக நகர்த்தப் பார்த்தார். பெட்டி 'டொக்' என்று ஒலி எழுப்பியது. குதிரை நகரவில்லை. வேறு கட்டத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் 'டொக்'. பத்துத் தடவை தப்பாக வைத்தார். பத்துத் தடவையும் பெட்டி 'டொக்' என்றது. அவ்வளவுதான். அது சிரிக்கவில்லை. யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பதினோராவது தடவை குதிரை தாவியது.

அன்று முதல் தினமும் பகலில் அரை மணி நேரம் அம்மா பெட்டியோடு உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் எல்லாக் காய்களின் வழியும் பிடிபட்டது.

காய்கள் எப்படிப் போகும்?

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உண்டு. ஒரு பக்கத்துக்கு 16 காய்கள்.

ராஜா: எந்தப் பக்கமும் ஒரே ஒரு கட்டம் போகும்.
ராணி: நேராகவும் போகும், குறுக்காகவும் போகும். எத்தனை கட்டமும் போகலாம்.
யானை: முன்னும் பின்னும், இடமும் வலமும் நேராகப் போகும். இரண்டு யானைகள் உண்டு.
மந்திரி: மூலை நோக்கிக் குறுக்காகப் போகும். இரண்டு மந்திரிகள் உண்டு.
குதிரை: இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில் என்று தாவும். நடுவில் காய் இருந்தாலும் தாண்டிப் போகும். இரண்டு குதிரைகள் உண்டு.
சிப்பாய்: முன்னோக்கி ஒரு கட்டம் போகும். முதல் தடவை மட்டும் இரண்டு கட்டம் போகலாம். வெட்டும்போது முன்பக்கம் குறுக்காக வெட்டும். எட்டு சிப்பாய்கள் உண்டு. எதிர்ப்பக்கக் கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் ராணியாக மாறலாம்.

ராஜாவைத் தாக்கினால் 'செக்'. ராஜா தப்ப வழியே இல்லை என்றால் 'செக் மேட்'. ஆட்டம் முடிந்தது.

இந்த விளையாட்டு நம் நாட்டில் பிறந்தது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவில் இதைச் 'சதுரங்கம்' என்றார்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிக்கும் சொல் அது. இங்கிருந்து பாரசீகம் போயிற்று. பிறகு உலகம் எங்கும் பரவியது. போன இடத்தில் எல்லாம் காய்களின் பெயர் மாறியது.

தாராவியிலேயே அதைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் இந்தி பேசுகிறவர். அவர் ராணியை 'வஜீர்' என்பார். வஜீர் என்றால் மந்திரி. நாம் மந்திரி என்று சொல்லும் காயை அவர் 'ஊண்ட்' என்பார். ஊண்ட் என்றால் ஒட்டகம். அம்மாவுக்கு முதலில் இது குழப்பமாக இருந்தது. பிறகு, பெயரை விட்டுவிட்டுக் காயின் உருவத்தையும் அது போகும் வழியையும் பார்க்கப் பழகினார். குழப்பம் தீர்ந்தது.

எட்டு எழுத்துகள்

திரையில் பலகையின் ஓரத்தில் 1 முதல் 8 வரை எண்கள் இருந்தன. அவற்றை அம்மா படித்துவிட்டார். கீழே எட்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவை தெரியவில்லை.

"ஏலே, இந்த எட்டு எழுத்தையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடு" என்று மகனிடம் கேட்டார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தான்.

ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. எழுத்து தெருவின் பெயர் மாதிரி. எண் வீட்டின் எண் மாதிரி. வெள்ளைக்காரருக்கு இடக் கைப்பக்க மூலை ஏ-1. ராஜா நிற்கும் வரிசை 'இ'. அந்த வரிசையில் நான்காவது கட்டம் இ-4. விலாசம் தெரிந்தால் ஆட்டம் முழுவதையும் எழுதி வைக்கலாம். எழுதியதைப் பார்த்து மறுபடியும் ஆடலாம்.

அம்மா ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்தார். இட்லிக் கணக்கு எழுதிய நோட்டு அது. கடைசிப் பக்கங்களில் தன் ஆட்டங்களை எழுதத் தொடங்கினார்.

பெட்டி எப்படி யோசிக்கிறது?

பெட்டிக்குள் ஆள் இல்லை. கணினியின் மூளை போன்ற ஒரு சில்லு இருக்கிறது. அது கணக்குப் போடுகிறது.

ஆட்டத்தின் முதல் அடியை 20 விதமாக வைக்கலாம். சிப்பாய்களால் 16 விதம், குதிரைகளால் 4 விதம். எதிராளிக்கும் 20 விதம் உண்டு. ஆக, ஆளுக்கு ஓர் அடி வைப்பதற்குள் 400 வழிகள் வந்துவிடுகின்றன. 'நான் இதை வைத்தால் அவர் எதை வைப்பார்?' என்று பெட்டி ஒவ்வொரு வழியாகப் பார்க்கிறது. காய்களுக்கு மதிப்பும் போடுகிறது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பது வழக்கமான மதிப்பு. நஷ்டம் குறைந்த வழியை அது எடுக்கிறது. இட்லிக் கடைக்காரர் போடும் லாப நஷ்டக் கணக்கு மாதிரிதான்.

இத்தகைய பெட்டிகளில் பல படிகள் உண்டு. முதல் படியில் பெட்டி கொஞ்ச தூரம்தான் யோசிக்கும். மேல் படிக்குப் போகப் போக அதிக தூரம் யோசிக்கும்.

ஜப்பானில் 1989இல் 'கேம் பாய்' என்ற கைக்கருவி வெளிவந்தது. நான்கு பென்சில் பேட்டரியில் ஓடியது. சில ஆண்டுகளுக்குள் அதில் சதுரங்கமும் வந்துவிட்டது. அது சின்னக் கருவி. 1997இல் 'டீப் புளூ' என்ற பெரிய கணினி, அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவையே 6 ஆட்டப் போட்டியில் தோற்கடித்தது. ஆனால் மனிதர்கள் சதுரங்கத்தை விட்டுவிடவில்லை. கணினியையே வாத்தியாராக வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டு குகேஷ் 2024இல் தமது 18ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் கணினியோடு பயிற்சி செய்கிறவர்கள்தான்.

ஆனால் ஒன்று. பெட்டியில் 'பின்வாங்கு' என்று ஒரு வசதி உண்டு. தப்பாக வைத்த காயைத் திரும்ப எடுக்கலாம். அம்மா முதலில் அதை அடிக்கடி பயன்படுத்தினார். எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார். நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒரே ஆட்டத்தில் 14 இடங்களில் பின்வாங்கி இருந்தார். 'இது ஜெயிச்ச மாதிரி இல்லையே' என்று நினைத்தார். அதன் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். ஏன் தப்பு என்று நோட்டில் எழுதிய பிறகுதான் பின்வாங்க வேண்டும். எழுத முடியாவிட்டால் பின்வாங்கக் கூடாது.

மகன் இடத்தில் அம்மா

மகன் நான்கு அடியில் எப்படி ஜெயிக்கிறான்? அம்மா நினைவுபடுத்தி நோட்டில் எழுதினார்.

வெள்ளை மகன், கறுப்பு அம்மா.
1. மகன் சிப்பாயை இ-4இல் வைத்தான். அம்மா சிப்பாயை இ-5இல் வைத்தார்.
2. மகன் மந்திரியை சி-4இல் வைத்தான். அம்மா குதிரையை சி-6இல் வைத்தார்.
3. மகன் ராணியை எச்-5இல் வைத்தான். அம்மா இன்னொரு குதிரையை எஃப்-6இல் வைத்தார்.
4. மகன் ராணியால் எஃப்-7 சிப்பாயை வெட்டினான். செக் மேட்.

எஃப்-7 சிப்பாயைக் கறுப்பு ராஜா மட்டும்தான் காக்கிறார். வெட்டிய ராணியை ராஜா திருப்பி வெட்ட முடியாது. தூரத்தில் மந்திரி அந்த ராணிக்குக் காவல் இருக்கிறார். இது அம்மாவுக்குப் புரிந்தது. ஆனால் தப்பிப்பது எப்படி?

அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியில் வெள்ளையை எடுத்துக்கொண்டார். மகன் தனக்குச் செய்ததைப் பெட்டிக்குச் செய்தார். முதல் படியில் பெட்டியும் நான்கு அடியில் தோற்றது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'உனக்கும் நாலு அடிதானா!'

படியைக் கூட்டினார். இரண்டு ஆட்டத்தில் பெட்டி வேறு விதமாகத் தொடங்கியது. அடுத்த ஆட்டத்தில் அதே வழியில் வந்தது. அம்மா ராணியை எச்-5இல் வைத்தார். பெட்டி குதிரையைத் தொடவில்லை. ஜி-7இல் இருந்த சிப்பாயை ஜி-6இல் வைத்தது.

அம்மா உற்றுப் பார்த்தார். அந்தச் சின்னச் சிப்பாய் ராணியின் வழியை அடைத்துவிட்டது. அத்தோடு ராணியையே வெட்டவும் நிற்கிறது! ராணி ஓட வேண்டும். அம்மா ராணியை எஃப்-3க்கு எடுத்தார். அங்கிருந்து மறுபடியும் எஃப்-7 மேல் குறி. இப்போது பெட்டி குதிரையை எஃப்-6இல் வைத்து நடுவில் மறித்தது. ஆபத்து நீங்கியது.

அம்மா நோட்டில் எழுதினார்: 'முதலில் சிப்பாய் ஜி-6. பிறகுதான் குதிரை எஃப்-6.'

அதே குதிரை, அதே கட்டம். முந்தி வைத்ததால் தோல்வி. ஓர் அடி பொறுத்து வைத்தால் காவல்.

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை

"ஏலே, அட்டையை எடு" என்றார் அம்மா.

"நாலு அடிக்குத்தானே?" என்று சிரித்தான் மகன்.

சிப்பாய் வந்தது. மந்திரி வந்தது. ராணி எச்-5இல் வந்து நின்றது. அம்மா ஜி-6இல் சிப்பாயை வைத்தார். மகனின் கை பாதியில் நின்றது. ராணியை எஃப்-3க்கு எடுத்தான். அம்மா குதிரையை எஃப்-6இல் வைத்தார்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"உன் பெட்டிதான். நீ ஆடு."

அப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் வீட்டுப் பாடத்தை மூடினாள். ஆட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. ஒவ்வோர் அடியையும் அம்மா நோட்டில் எழுதிக்கொண்டே ஆடினார். ஓரிடத்தில் யானையைத் தொட்டுவிட்டு, "ஐயோ, இது இல்லை" என்றார். "தொட்ட காயை நகர்த்தணும் அம்மா. அதுதான் சட்டம்" என்றான் மகன். இங்கே பின்வாங்கு பொத்தான் கிடையாது. அம்மா யானையை நகர்த்தினார். அந்த யானை வெட்டுப்பட்டது. 31ஆவது அடியில் அம்மா தோற்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

அம்மா நோட்டைப் புரட்டினார். 19ஆவது அடியில் விரலை வைத்தார். "இங்கேதான் தப்பு. கை முந்திருச்சு. சிப்பாயை வச்சிருக்கணும்."

மகன் எட்டிப் பார்த்தான். கணக்கு நோட்டில் பக்கம் பக்கமாக ஆட்டங்கள் இருந்தன. "இதெல்லாம் நீயா எழுதினே?" என்றான். பிறகு காய்களை 19ஆவது அடி வரைக்கும் மறுபடி அடுக்கத் தொடங்கினான். "சரி, இங்கே சிப்பாயை வை. பார்ப்போம்."

அம்மா எழுந்தார்.

"அரிசி ஊறியிருக்கும். மாவு ஆட்டிட்டு வாரேன். காயைக் கலைச்சிராதே."

பயிற்சி

1. விடை எழுதுங்கள்.
(அ) சதுரங்கப் பலகையில் எத்தனை கட்டங்கள் உண்டு?
(ஆ) முதல் அடியை எத்தனை விதமாக வைக்கலாம்?
(இ) 'பின்வாங்கு' வசதிக்கு அம்மா என்ன கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்? ஏன்?

2. ஒரு தாளில் 64 கட்டங்கள் வரையுங்கள். ஓரத்தில் எழுத்தும் எண்ணும் போடுங்கள். வலக் கைப்பக்க மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். பொத்தான்களையும் புளியங்கொட்டைகளையும் காய்களாக வைத்து, அம்மா எழுதிய நான்கு அடிகளை ஆடிப் பாருங்கள். பிறகு ஜி-6இல் சிப்பாயை வைத்து ஆடிப் பாருங்கள்.

3. 'எனக்கு இது வராது' என்று நீங்கள் சொன்ன வேலை எது? அதைக் கற்றுக்கொண்டீர்களா? ஐந்து வரி எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.