மரக்கலத்தில் யார் யார்?



செமினியில் நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகை. ஒருவன் மந்திரவாதி, ஒருத்தி வில்வீராங்கனை. இந்த மாதம் எல்லாரும் ஒரு பாய்மரக் கப்பலில் ஏறிவிட்டார்களாம். கப்பலில் யார் யார் என்று கேட்டால், "கேப்டன் இருக்கான் அண்ணே, மத்தவனெல்லாம் சும்மா ஆளுங்க" என்று பதில் வருகிறது. அந்தச் 'சும்மா ஆளுங்க'தான் இந்த மாதப் பாடம்.

நாமும் கடாரத்தைப் பற்றி அப்படித்தானே பேசுகிறோம்? 1025-இல் ராஜேந்திர சோழன் படை அனுப்பினான், கடாரம் கொண்டான், கைதட்டல், முடிந்தது. வங்காள விரிகுடாவைத் தாண்டப் பாயை ஏற்றியவன் யார், சோறு பொங்கியவன் யார்? மன்னனின் மெய்க்கீர்த்தியில் வென்ற ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மாலுமியின் பெயர்கூட இல்லை. மன்னர் புகழ் பாட வெட்டிய கல்லில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, விடுங்கள்.

ஆனால் வேறு கற்கள் உண்டு. 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமஸ்கிருத எழுத்து, நடுவில் ஒரு பௌத்தத் தூபியின் உருவம். மகாநாவிகன் புத்தகுப்தன், ஊர் ரக்தமிருத்திகா. பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்ற வேண்டுதல். மகாநாவிகன் என்றால் பெரிய கப்பலோட்டி. அந்த ஊர் வங்காளத்தில் இருந்தது என்பதே பலருடைய கருத்து. தமிழர் இல்லை, சைவரும் இல்லை. இருந்தாலும் நம் மண்ணில் பெயரோடு நமக்குக் கிடைத்த மிகப் பழைய கடலோடிகளில் ஒருவர் அவர். கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழில் வேண்டுமா? சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற கற்பூரத் துறைமுகம். அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் கூட்டம் வெட்டியது. கப்பல் வந்தால் மரக்கல நாயனும் கேவிகளும் பொன்னாக ஒரு தீர்வை செலுத்திவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்பது ஏற்பாடு. மரக்கல நாயன் கப்பல் தலைவன். கேவிகள் துடுப்பு வலிப்பவர்கள் என்று ஆய்வாளர்கள் பொருள் கொள்கிறார்கள். எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். தீர்வை கட்டு என்று சொல்லும் இடத்திலாவது 'சும்மா ஆளுங்க' கணக்கில் வந்துவிட்டார்கள்!

விளையாட்டுக்கு நேராக உதவுவது மலாக்கா கடல் சட்டம். கடைசி சுல்தான் மாமூட் ஷா காலத்தில், அனுபவப்பட்ட நகோடாக்களைக் கேட்டுத் தொகுத்தது. கடலில் நகோடாதான் ராஜா. சுக்கான் பிடிக்கும் ஜூருமூடி அவருக்குப் பெண்டாஹாரா மாதிரி. ஆழம் பார்த்து நங்கூரத்தைக் கவனிக்கும் ஜூருபத்து, தெமெங்கோங் மாதிரி. திசை சொல்ல மாலிம். கப்பலில் இடம் பிடித்துச் சரக்கோடு வரும் வணிகர்களுக்குக் கிவி என்று பெயர். ஒரு சின்ன அரசாங்கமே மிதக்கிறது.

அதில் ஒரு விதி: புயலில் சரக்கைக் கடலில் எறிய வேண்டி வந்தால், நகோடா தன் இஷ்டத்துக்கு எறியக் கூடாது. கப்பலில் உள்ளவர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். நஷ்டத்தை அவரவர் சரக்கின் அளவுப்படி எல்லாரும் சுமக்க வேண்டும்.

இதை வகுப்பில் ஆடிப் பார்த்தோம். நாகப்பட்டினத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் கிளம்பிய கப்பல். இனி வடகிழக்குக் காற்று வரும்வரை ஊர் திரும்ப முடியாது. ஜெராய் மலை கண்ணில் படுமுன் புயல். கையில் துணி மூட்டை, அரிசி, ஒரு வெண்கல நடராஜர். எதை எறிவது? துணி வணிகனாக நடித்தவன் அரிசியை எறியச் சொன்னான். அரிசிக்காரி துணியை எறியச் சொன்னாள். நடராஜரைத் தொடக் கூடாது என்று மூன்று பேர். அதுவரை வாயே திறக்காத சமையல்கார வேடத்துப் பையன், "அரிசியை வீசிட்டா நாளைக்கு நான் எதை ஆக்குறது? பாயை இழுக்கிறவனுக்கு யார் சோறு போடுவா?" என்றான். ஒரு நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பாதித் துணி போனது. நடராஜர் விஷயத்தில் சண்டை இன்னும் தீரவில்லை, நானும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இதெல்லாம் ரொம்பப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற 89 அடிப் பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதற்குள் பெயர் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாறிவிட்டது. பெயர் மாறினாலும் அட்லாண்டிக் கடலில் பாயைக் கையாண்டவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழர்கள் இருந்தார்கள்.

அந்த ஊரில் கப்பல் தலைவனைத் தண்டையல் என்பார்கள். தூத்துக்குடித் தோணிகளில் தண்டல். சமைப்பவர் பண்டாரி. இந்தச் சொற்கள் நமக்குப் புதிதில்லை. மலாயாத் தோட்டங்களிலும் ரோட்டு வேலையிலும் ஆட்களை மேய்த்தவருக்கும் தண்டல் என்றுதான் பெயர், மலாயில் தண்டில். கப்பலில் இருந்த சொல் கரை ஏறி ரப்பர் காட்டுக்குள் போயிருக்கிறது.

வீட்டுப்பாடம் இரண்டு. தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் யாராவது தண்டலாக இருந்தார்களா, எந்தத் தோட்டத்தில், அவருக்குக் கீழே எத்தனை பேர்? அடுத்து, உங்கள் விளையாட்டுக் கப்பலுக்கு ஒரு சுக்கான்காரன், ஒரு ஆழம் பார்ப்பவன், ஒரு பண்டாரி, பாய் இழுக்கும் நாலு பேர். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஊரில் காத்திருக்கும் ஒருவர். நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள்.