ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்: கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் பகுதிக் குடும்பங்களில் சொந்தக் கார் வைத்திருப்போரும், வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைப்போரும் பலர். நம் பிள்ளைகள் சிலர் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகுகிறார்கள். இந்த மாதப் பாடம் இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. ஸ்டியரிங் வீலுக்குப் பின்னால் உள்ள சின்னப் பிளாஸ்டிக் சாமான் ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பெயர் கிளாக் ஸ்பிரிங். சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்லும்.

சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதற்குள் சுருண்டு கிடக்கும் வில் நினைவிருக்கும். அதே போல் ஒரு மெல்லிய நாடாக் கம்பி வட்டமான பெட்டிக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு முனை அசையாத ஸ்டியரிங் காலத்தில் இருக்கும், மறுமுனை வீலோடு சேர்ந்து சுற்றும். வீலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் நாடா சுருங்கியும் விரிந்தும் கொடுப்பதால் கம்பி அறுவதில்லை. ஹாரன், வீலில் உள்ள ரேடியோ பட்டன்கள் எல்லாவற்றுக்கும் கரண்ட் போகும் வழி இதுதான். ஓட்டுநரின் ஏர்பேக்குக்கு உத்தரவு போவதும் இதே நாடா வழியாகத்தான். நாடா அறுந்தால் மோதும் நேரத்தில் பை விரியாது.

இது எங்கோ நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2014 ஏப்ரலில் டொயோட்டா கம்பெனி உலகம் முழுவதும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பல குறைகளுக்காகத் திரும்ப அழைத்தது. அவற்றில் நம் நாட்டில் ஓடிய 44,989 இன்னோவாக்களும் அடங்கும். 2005 பிப்ரவரி முதல் 2008 டிசம்பர் வரை தயாரான அந்த வண்டிகளில் குறை இருந்த இடம் இந்த ஸ்பைரல் கேபிள்தான். வீலைத் திருப்பும்போது நாடா சேதமாகி, ஏர்பேக்குக்கு இணைப்பு அற்றுப்போகலாம் என்பதே காரணம். அந்த வயது இன்னோவாக்கள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. திருநெல்வேலி ரோட்டிலும் ராஜபாளையம் ரோட்டிலும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. பழைய வண்டி வாங்குவோர் சேசிஸ் எண்ணைக் கம்பெனி ஷோரூமில் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா, அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நாடா கெட்டதை வீட்டில் உள்ளவர்களே கண்டுபிடிக்கலாம். சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில், உட்கார்ந்த மனிதன் முன் உருண்டை ஒன்று இருப்பது போன்ற சிவப்பு விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஏர்பேக் வேலை செய்யாது என்று வண்டியே சொல்கிறது என்று பொருள். விளக்கோடு ஹாரனும் அடிக்கவில்லை, அல்லது வீலை ஒடிக்கும்போது உள்ளே சரசரவென்று சத்தம் கேட்கிறது என்றால் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்தான். ஹாரன் மட்டும் அடிக்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த விளக்கு ஒரு தடவைகூட எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். யாரோ விளக்கைப் பிடுங்கிவிட்டு வண்டியை விற்றிருக்கலாம்.

இனி கழற்றும் முறைக்கு வருவோம். இதைப் படித்துவிட்டு வீட்டு வாசலில் வைத்து யாரும் கழற்ற வேண்டாம். வேலை தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழகுகிற பிள்ளைகளுக்கும், தன் வண்டியில் என்ன நடக்கிறது என்று பார்த்து நிற்கும் சொந்தக்காரருக்கும்தான் எழுதுகிறோம்.

முன் டயர்கள் இரண்டும் நேராக இருக்கும்படி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். பிறகு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். கழற்றிய உடனே கையை உள்ளே விடக் கூடாது. மோதலில் பேட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கரண்ட்டைத் தனக்குள் சேமித்து வைத்திருக்கும். அது வடியும்வரை பொறுக்க வேண்டும். டொயோட்டா 90 வினாடி என்கிறது, சில கம்பெனிகள் 3 நிமிடம் என்கின்றன. ஒரு டீ குடித்துவிட்டு வருவதே நம் யோசனை, பத்து நிமிடம் விட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது வீலின் நடுவில் உள்ள ஏர்பேக். சில வண்டிகளில் பக்கவாட்டு ஸ்க்ரூக்களிலும், சிலவற்றில் கிளிப்பிலும் நிற்கும். அதைத் தொடுமுன் வண்டியின் இரும்புப் பாகத்தை ஒரு தரம் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பின்னால் இருக்கும் மஞ்சள் நிற கனெக்டரில் ஒரு பூட்டு இருக்கும். அதை நிமிர்த்திவிட்டுக் கழற்ற வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. எடுத்த ஏர்பேக்கை, மூடி உள்ள பக்கம் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு போக வேண்டும். கீழே வைக்கும்போது மூடி மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்த ஏர்பேக் வெடித்தால் கனமான உலோகப் பாகம் மேலே பாயும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் விரியும் பொருள் அது, தப்பிக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. அதன் மேல் எதையும் வைக்காமல், சின்னப் பிள்ளைகள் நடமாடாத இடத்தில் வையுங்கள்.

டெஸ்ட் லேம்ப்போ மல்டிமீட்டரோ வைத்து ஏர்பேக்கின் முனைகளைச் சோதிப்பது மிகவும் ஆபத்து. அதைப் பற்றவைக்கச் சிறிதளவு கரண்ட்டே போதும். ஹாரன் வயரைத் தேடும் பழக்கத்தில் எல்லா வயரிலும் டெஸ்ட் லேம்ப் ஊசியைக் குத்தும் கை, மஞ்சள் உறை போட்ட வயர் பக்கம் போகவே கூடாது.

வீலைப் பிடித்திருக்கும் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரையில் நிறுத்திவிட்டுப் புல்லர் போட வேண்டும். இல்லாவிட்டால் வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். வீலும் தண்டும் சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது பல் மாறாது. சுத்தியலால் தண்டைத் தட்டுவதை இன்றும் பார்க்கிறோம். ஓட்டுபவர் நெஞ்சைக் காக்க விபத்தில் மடங்கிக் கொடுப்பதற்கென்றே செய்த தண்டு அது, தட்டினால் அந்த அமைப்பே கெட்டுவிடும்.

கவரை எடுத்தால் கிளாக் ஸ்பிரிங் தெரியும். தொடுமுன் சுற்றும் தட்டையும் சுற்றாத பெட்டியையும் சேர்த்து டேப் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலைதான் சாமானைக் காப்பாற்றும். நாடா இரண்டு பக்கமும் சம அளவு சுற்ற இடம் வைத்து நடுவில் நிற்க வேண்டும். கையில் எடுத்தபின் விளையாட்டுக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டால்கூட நடு தவறிவிடும். அப்படியே மாட்டினால் அன்றைக்கு ஹாரன் அடிக்கும், விளக்கும் அணையும். பிறகு ஒரு நாள் வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது நாடா அறுந்துபோகும். அடியில் உள்ள கனெக்டரைக் கழற்றிய பிறகே கிளிப்களை அமுக்க வேண்டும். சித்திரை வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி ஒடியும் என்பதால், திருப்புளி முனையில் டேப் சுற்றி மெதுவாகச் செய்யுங்கள். பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். நாடா வெளியே பாய்ந்துவிட்டால் பழையபடி சுற்ற முடியாது.

புதுச் சாமான் நடுவில் நிறுத்திப் பூட்டியே வரும். அந்தப் பூட்டை மாட்டி முடிக்கும் நேரம்வரை எடுக்கக் கூடாது. பூட்டு தவறிப் போயிருந்தால் ஒரு பக்கமாக மெல்ல இறுகும்வரை சுற்றி, அங்கிருந்து மறுபக்கம் மேனுவலில் சொன்ன சுற்றுகள் வந்து குறிகளைச் சேர்க்க வேண்டும். பல டொயோட்டா வண்டிகளுக்கு அது இரண்டரைச் சுற்று, மற்றவற்றுக்கு வேறாக இருக்கும். இழுத்து இறுக்கினால் அங்கேயே அறுந்துவிடும்.

கிளாக் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே அதை அறுக்கும் வேலையும் ஒன்று உண்டு. ஸ்டியரிங் ராக்கைக் கழற்ற அடியில் உள்ள ஜாயின்ட்டை விடுவித்த பின், மேலே வீல் எந்தத் தடையும் இல்லாமல் சுற்றும். யாராவது உள்ளே ஏறி அதைச் சுற்றிவிட்டால் கதை முடிந்தது. ராக் வேலை தொடங்குமுன் சீட் பெல்ட்டை வீலுக்குள் விட்டுக் கட்டிவைப்பது பழைய மெக்கானிக்குகள் செய்யும் எளிய உபாயம்.

எல்லாம் மாட்டிய பின் பேட்டரி வயரைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். முதல் தடவை சாவி போடும்போது வீலுக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று போடுங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா, ஹாரன் அடிக்கிறதா, வீல் இரு பக்கமும் முழுதாக ஒடிகிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு நின்றால் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் சென்சாரும் இதோடு சேர்ந்தே இருக்கும். அதையும் ஸ்கேனரில்தான் சரிசெய்ய வேண்டும்.

விளக்கை அணைக்கக் குறுக்கு வழி ஒன்றைச் சிலர் செய்கிறார்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடுவார்கள். விளக்கு அணையும், சொந்தக்காரரும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். மற்றவர் உயிரும் வண்டியும் நம் கையில் அமானிதம் என்று அறிந்த ஒருவர் இதைச் செய்யவே முடியாது. சொந்தக்காரரே "செலவு வேண்டாம், விளக்கு அணைந்தால் போதும்" என்று கேட்டாலும் தொழில் பழகும் பிள்ளைகள் மறுத்துவிட வேண்டும். காசு இல்லாவிட்டால் விளக்கு எரியட்டும், எரிகிற விளக்காவது உண்மை சொல்கிறது.

கழற்றிய பழைய கிளாக் ஸ்பிரிங்கைக் குப்பையில் போடலாம். ஆனால் வெடிக்காத பழைய ஏர்பேக் எதுவானாலும் இரும்புக் கடைக்குப் போடக் கூடாது, கேஸ் கட்டர் பிடிப்பவர் மேல் வெடிக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.