கருப்பையின் காவலும் திங்கட் சுழலும்

கோட்டைக் காவலன் ஒருவனுக்கு, "பகைவரைப் புகவிடாதே, புதியவன் ஒருவன் வருவான், அவனைத் தடுக்காதே" என்று இருவேறு கட்டளை இட்டாற்போன்றது கருப்பையின் நிலை. பகைவர் நோய்க்கிருமிகள், புதியவன் கரு. தாயின் உடம்பினுள் வளர்வதாயினும் கரு பாதி தந்தைவழி வந்ததாகலின், தாயின் காவலணுக்களுக்கு அஃது அயற்பொருளேயாம். பிறர் தோலை ஒட்டினால் தள்ளிவிடும் யாக்கை, கருவை மட்டும் ஒன்பது திங்கள் தாங்குவது யாங்ஙனம் என்று பீட்டர் மெடவார் என்னும் அறிஞர் 1953-இல் வினவினார். இப்பொருளைத் தமிழில் எழுதக் கூசுவாரும் உளர். கூசுதற்கு யாதும் இல்லை என்பதே என் கருத்து.

அவ்வினாவின் விடையில் ஒரு பகுதி ஹார்மோன்களைச் சார்ந்தது. 1905-இல் ஸ்டார்லிங் வழங்கிய அச்சொல், 'தூண்டுதல்' எனப் பொருள்படும் கிரேக்க வினையடியாகப் பிறந்தது. அடக்குதலும் அவற்றின் தொழிலே. பெயர் பொருளை முற்றும் அளப்பதில்லை என்பது தமிழ் மாணாக்கர்க்குப் புதிதன்று.

திங்கட் சுழல் ஏறத்தாழ 28 நாள். முற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கும். இடையில் சினைமுட்டை வெளிப்படும். பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் மிகும். கரு தங்காதாயின் அது குன்ற, சவ்வு உதிரும். இது பலரும் அறிந்ததே.

காவலணுக்களின் செய்தி அத்துணை அறியப்பட்டதன்று. அவற்றுள் 'இயற்கைக் கொல்லிகள்' என்று ஒரு வகை உண்டு. பெயர் கொடிதாயினும் கருப்பையில் இவற்றின் தொழில் கொலையன்று. கருவுக்குக் குருதி தாராளமாய்ப் பாயுமாறு நாளங்களை அகலச் செய்தற்கு உதவுவதே. சுழலின் பிற்பாதியில் இவை மிகப் பெருகும். கருவுற்ற தொடக்கத்தில் அச்சவ்வின் வெள்ளணுக்களுள் பத்தில் ஏழளவும் இவையே. புரோஜெஸ்டிரோனின் ஆணையை நேரே ஏற்கும் உறுப்பு இவற்றுக்கு இல்லை என்பது வியப்பு. சவ்வின் பிற அணுக்கள் அவ்வாணையை ஏற்று, வேறொரு பொருளைச் சுரந்து இவற்றை வளர்க்கின்றன.

அயலணுக்களைக் கொல்லும் 'டி' அணுக்களின் ஒழுக்கம் வேறு. கருப்பையில் அவை முற்பாதியில் கொல்லும் ஆற்றலுடையன. பிற்பாதியில் அவ்வாற்றல் அடங்கும். ஆயினும் கருப்பை வாயிலும் யோனியிலும் உள்ளவை சுழல் முழுதும் ஆற்றல் குன்றுவதில்லை என 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உள்ளறைக் காவலர் வாளை உறையிலிட்டாலும் வாயிற்காவலர் இடார் போலும்!

அங்ஙனமாயின் பிற்பாதி நாட்களில் நோய்க்கு வழி எளிதாகுமோ? இதனால் அஞ்சியோர் பலர். 1996-இல் பெண் குரங்குகளின் தோலடியில் புரோஜெஸ்டிரோனை வைத்து, எய்ட்ஸ் கிருமிக்கு இனமான குரங்குக் கிருமியை யோனியில் இட்டனர். 18-இல் 14 நோயுற்றன; அம்மருந்து பெறாத 10-இல் ஒன்றே நோயுற்றது. யோனித் தோல் மெலிந்ததும் காணப்பட்டது. கருத்தடைக்காக மூன்று திங்களுக்கு ஒருமுறை ஊசியிட்டுக்கொள்ளும் ஆப்பிரிக்கப் பெண்டிர் பலர். அவ்வூசி மருந்தும் புரோஜெஸ்டிரோனுக்கு இனமானதே. அதனைக் கைவிடச் சொல்வதா, வேண்டாக் கருவும் பேறுகால இறப்பும் மிகுமே என்று மருத்துவர் ஆண்டுகள் பல தடுமாறினர்.

பின்னர்த் தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாத்தினி நாடுகளில் 7,829 பெண்டிரை மூன்று திறமாக்கி, ஊசி, தோலடிக் குச்சி, செம்புக் கருவி ஆகியவற்றுள் ஒவ்வொன்றை அளித்து ஆராய்ந்தனர். 2019-இல் வெளிவந்த முடிபின்படி எய்ட்ஸ் கிருமித் தொற்றில் மூன்று திறத்தார்க்கும் பெரியதொரு வேறுபாடு இல்லை. குரங்கிற் கண்டதை அவ்வாறே மகளிர்க்கு ஏற்றிக் கூறல் பொருந்தாதாயிற்று. ஆயினும் அவ்வாய்வுக் காலத்துள் 397 பெண்டிர் அக்கிருமியாற் பற்றப்பட்டனர். ஹார்மோன் சிறிதும் இல்லாத செம்புக் கருவியைப் பெற்றோரும் அவருள் இருந்தனர்.