பஃப் அடித்தும் அடங்காத இளைப்பு

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கம்பத்திலிருந்து ஜீப்பில் குமுளி மலையேறி, முப்பது வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். கூன் விழுந்துவிட்டது. ஆஸ்துமா என்று இரண்டு வருஷமாக இன்ஹேலர் எடுத்தும் இளைப்பு அடங்கவில்லை. மல்லாக்கப் படுத்தால் விசில் சத்தம். எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. கூனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?
– வாசகி, கம்பம்

பதில்: இருக்கலாம். ஏலச்செடியில் காய் தூரடியில் காய்க்கும். குனிந்தே எடுத்ததால் கூன் என்று ஊரில் சொல்வார்கள். இந்த வயதுப் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது வேறு காரணம்: எலும்பு வலுவிழந்து முதுகெலும்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்குவது. பழைய முதுகெலும்புக் காசநோயும் கூனாக்கும். முன்பு கணுக்காலில் நின்ற சேலை இப்போது தரையில் இழுபடுகிறதா, பாருங்கள். உயரம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதுகு குட்டையாகும்போது மூச்சுக்குழாய் குட்டையாவதில்லை. மிஞ்சிய நீளம் வளைந்து நெளியும். திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் மடிந்தால் தண்ணீர் சொட்டுவது நிற்கிறதல்லவா, அதே கதை. சிலருக்கு, முறுக்கிக்கொண்ட முதுகெலும்போ விலகி வந்த பெருந்தமனியோ குழாயை வெளியிலிருந்து அழுத்தும். இன்ஹேலர் மருந்து குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும். வெளியழுத்தத்தை அது என்ன செய்யும்?

அதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விறகடுப்புப் புகையால் வந்த நுரையீரல் நோயும் கூடவே இருக்கலாம். படுத்தால் முட்டும் மூச்சு இதயக் கோளாறாலும் வரும் என்பதால் முதலில் எக்கோ. கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். ஊதிப் பார்க்கும் சோதனைக்குக் கூன் உள்ளவரின் உயரத்தை அப்படியே எழுதினால் கணக்கு தப்பும். இரு கைகளையும் விரித்து அளக்க வேண்டும். பிறகு நெஞ்சு சி.டி. ஸ்கேன். அதில் மல்லாக்கப் படுக்க வேண்டியிருக்கும். மூச்சு முட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூனை நிமிர்த்தும் ஆபரேஷன் இந்த வயதில் அபூர்வம். எலும்பு அடர்த்தி பார்த்து அதற்கான மருந்து, மூச்சுப் பயிற்சி, தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, சளி வந்தால் உடனே சிகிச்சை. பெரும்பாலோர் இதிலேயே சமாளிக்கிறார்கள். இரவில் மூச்சு குறைந்தால் முகமூடி வைத்துக் காற்றுத் தரும் கருவி உண்டு. உதடு நீலமானால், பேச முடியாமல் திணறினால் 108.

கண்புரைக்குப் போனாலும் டாக்டரிடம் கூனைச் சொல்லுங்கள். அங்கேயும் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். இடுப்பெலும்பு ஆபரேஷன் என்றால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம். வளைந்த மூச்சுக்குழாயில் டியூப் போடுவது அவருக்குச் சிரமம். முதல் நாளே தெரிந்தால் தயாராக வருவார்.